ஆனர்ஸ் ஜியாமெட்ரி: பிள்ளைகள் எங்கே சறுக்குகிறார்கள்?

கணக்கப்பிள்ளை:
ஆல்ஜிப்ரா 1-ல் சுலபமாக ஏ வாங்கிய பிள்ளை, ஆனர்ஸ் (சாதாரண வகுப்பைவிடக் கடினமான பிரிவு) ஜியாமெட்ரியில் முதல் குவார்ட்டரிலேயே பி, சி என்று இறங்குவது அமெரிக்கப் பள்ளிகளில் சகஜம். கணக்கு வராமல் இல்லை. இங்கே விடையை விடக் காரணத்துக்குத்தான் மார்க் என்பது பிடிபட நாளாகிறது. ரெகுலர் வகுப்பில் பெரும்பாலும் பாதி எழுதிய ப்ரூஃபை (நிரூபணத்தை) கொடுத்து, விட்ட இடத்தை நிரப்பச் சொல்வார்கள். ஆனர்ஸில் வெற்றுத்தாள்தான்.

ஒரு சாதாரணக் கேள்வி: ஏபி = ஏசி. டி என்பது பிசியின் நடுப்புள்ளி. ஏடி, பிசிக்குச் செங்குத்து என்று நிரூபிக்க வேண்டும். பாதிப் பேர் இரண்டாவது வரியிலேயே "கோணம் 90°" என்று எழுதிவிடுவார்கள். படத்தில் அப்படித்தானே தெரிகிறது! எதை நிரூபிக்கச் சொன்னார்களோ அதையே காரணமாக வைத்தால் மார்க் போச்சு. சரியான வரிசை: பிடி = சிடி (நடுப்புள்ளி வரையறை), ஏடி = ஏடி (பொதுப் பக்கம்), எஸ்.எஸ்.எஸ். விதிப்படி (மூன்று பக்கங்களும் சமம்) இரு முக்கோணங்களும் சர்வசமம், ஆகவே கோணம் ஏடிபி = கோணம் ஏடிசி, இரண்டும் சேர்ந்து 180°, எனவே ஒவ்வொன்றும் 90°. அதிகம் விட்டுப்போவது அந்தப் பொதுப் பக்க வரிதான். "இதைப் போய் எழுதணுமா" என்று தோன்றும். எழுதணும்.

முக்கோணி:
எஸ்.எஸ்.ஏ. (இரண்டு பக்கம், அவற்றுக்கு இடையில் இல்லாத ஒரு கோணம்) சர்வசமத்துக்கு ஏன் செல்லாது என்பதை மனப்பாடம் செய்ய வைக்காதீர்கள், காம்பஸைக் கையில் கொடுங்கள். ஏ-யில் 30° கோணம், ஏபி 10 செ.மீ. பி-யில் ஊசியை வைத்து 6 செ.மீ. வில் போட்டால் கோணத்தின் மற்றக் கோட்டை இரண்டு இடத்தில் வெட்டும். பி-யிலிருந்து அந்தக் கோட்டுக்குக் குத்துத் தூரம் 5 செ.மீ.தானே. ஒரே அளவுகள், இரண்டு முக்கோணங்கள். அப்புறம் மறக்காது.

வட்டம் பாடத்தில் குழப்பம் வேறு மாதிரி. நாண்கள் உள்ளே வெட்டினால் இரண்டு நாணிலும் துண்டு × துண்டு சமம். வெளிப்புள்ளியிலிருந்து இரண்டு வெட்டுக்கோடுகள் என்றால் வெளித்துண்டு × முழு நீளம் சமம். ஒன்றில் வெளியே 4, உள்ளே 5; இன்னொன்றில் வெளியே 3 என்றால், 4 × 9 = 3 × 12. இரண்டாவதில் உள்ளே இருப்பது 12 − 3 = 9. 4 × 5 என்று தொடங்கினால் 20/3 வரும். பின்னம் வந்ததும் சந்தேகப்படுபவர்கள் தப்பிக்கிறார்கள்.

நியூயார்க்கில் ரீஜன்ட்ஸ் (மாநிலப் பொதுத்தேர்வு) ஜியாமெட்ரி எழுதுபவர்களுக்கு: 80 மார்க்கில் 48 மார்க் சரியான விடையைத் தேர்ந்தெடுப்பது. ப்ரூஃப் தகராறாக இருந்தாலும் பாஸ் ஆகலாம். பள்ளியில் ஆனர்ஸ் டெஸ்ட் அப்படி விடாது.

ரூட்2:
ஜியாமெட்ரிக்கு இவ்வளவு பயம் வேண்டாம். நிஜமான சுமை அதற்கு அடுத்து வரும் ஆல்ஜிப்ரா 2 ஆனர்ஸ். லாக், பாலினாமியல், ராஷனல் ஃபங்ஷன், பல பள்ளிகளில் டிரிகனாமெட்ரியும், எல்லாம் ஒரே வருஷத்தில். அதோடு ஜியாமெட்ரி வருஷத்தில் ஃபேக்டரிங் (காரணிப்படுத்துதல்) துருப்பிடித்துப்போயிருக்கும்.

√(எக்ஸ் + 7) = எக்ஸ் − 5. இருபுறமும் வர்க்கப்படுத்தினால் எக்ஸ்² − 11எக்ஸ் + 18 = 0; விடை 9, 2. இரண்டையும் எழுதி வைத்தால் தப்பு. 2 போட்டால் இடப்பக்கம் 3, வலப்பக்கம் −3. மூலச் சமன்பாட்டில் போட்டுப் பார்க்காதவர்களைப் பிடிப்பதற்கென்றே இந்தக் கேள்வி வருகிறது.

கணக்கப்பிள்ளை:
துருப்பிடிப்பது உண்மைதான். கோடையில் இரண்டு வாரம், தினம் பத்து ஃபேக்டரிங், ஐந்து ரூட் சுருக்குதல் போதும். ப்ரூஃபுக்கு மட்டும் அந்த வழி உதவாது. கடைசி வரியை முதலில் எழுதி, அதற்கு முந்தைய வரி என்னவாக இருக்க வேண்டும் என்று பின்னாலிருந்து வரச் சொல்லுங்கள்.