பை கட்டின திராட்சை

குழு: சுருளிப்பட்டி வீடு

டிசம்பர் 22

நிவேதா: பார்சிலோனா வந்து சேந்துட்டேன். ஜெர்மனில மைனஸ் ரெண்டு, இங்க ஸ்வெட்டர் மட்டும் போதும். பையை விடுதில போட்டாச்சு.

அம்மா: சாப்டியா

நிவேதா: ரொட்டில பூண்டு தேச்சு, மேல தக்காளியத் தேச்சு, ஆலிவ் எண்ணெய் ஊத்திக் குடுத்தாங்கம்மா. நல்லாவே இருந்துச்சு.

அம்மா: அது ஒரு சாப்பாடா

சித்தப்பா: பாப்பா, பர்ஸ் பத்திரம். அந்த ஊர்ல பிக்பாக்கெட் ஜாஸ்தின்னு யூடியூப்ல பாத்தேன். பேக்க முன்னால மாட்டு.

நிவேதா: மாட்டிட்டுதான் சுத்துறேன் சித்தப்பா. உங்களுக்கு ஒரு சேதி. இன்னைக்கு இங்க கிறிஸ்துமஸ் லாட்டரி குலுக்கல். விடுதி டிவில காலைலருந்து ஓடுது, ஒருத்தரும் எந்திரிக்கல. ஸ்கூல் புள்ளைக நம்பரையும் பரிசுப் பணத்தையும் ராகம் போட்டுப் பாடுதுக.

சித்தப்பா: பாட்டாவா???

நிவேதா: ஆமா. மாட்ரிட்ல சான் இல்தெஃபொன்சோன்னு ஒரு ஸ்கூல், அந்தப் புள்ளைகதான் பாடணும். 1812லருந்து நடக்குற குலுக்கல். ஒரு சீட்டு 20 யூரோ. முதல் பரிசு விழுந்தா அந்த ஒரு சீட்டுக்கே 4 லட்சம் யூரோ. ஆபீஸ்ல, தெருவுல எல்லாரும் ஒரே நம்பரா வாங்கி வச்சிருப்பாங்களாம், விழுந்தா ஊரே பணக்காரங்க.

சித்தப்பா: நம்ம பக்கம் 2003ல நிறுத்துனதுதான் தப்பு. நான் குமுளி போயி பம்பர் எடுத்து வச்சிருக்கேன்.

அம்மா: தம்பி, இந்தக் குரூப்புல உங்க அண்ணனும் இருக்காரு.

அப்பா: 👍

சித்தப்பா: அண்ணே, ஒரே ஒரு சீட்டுதான்

டிசம்பர் 23

நிவேதா: (படம்) (படம்) சகிராடா ஃபமிலியா. 1882ல ஆரம்பிச்ச கோயில். இன்னும் வேலை முடியல.

கார்த்தி: காண்ட்ராக்டர் யாருக்கா

சித்தப்பா: மதுரைல மொட்டைக் கோபுரம் கெடந்த கதைதான்

நிவேதா: கௌடின்னு ஒரு கட்டடக்கலைஞர் 40 வருஷத்துக்கு மேல இதுலயே கெடந்திருக்காரு. 1926ல ரோட்டுல டிராம் மோதிருச்சு. பழைய துணி போட்டிருந்ததால யாருன்னே தெரியாம பிச்சைக்காரர்னு நெனச்சுட்டாங்க. மூணு நாள்ல போயிட்டாரு. இப்ப அந்தக் கோயில் நிலவறைலதான் இருக்காரு. உள்ள தூண் ஒவ்வொண்ணும் மரம் மாதிரி மேல போயி கிளை பிரியுது. கிழக்க நீலமும் பச்சையும், மேற்க சிவப்பும் ஆரஞ்சுமா கண்ணாடி. நான் பொழுதுசாயப் போனேன். தரை, தூணு, நிக்கிற ஆளுக மூஞ்சி எல்லாம் செக்கச்செவேல்னு ஆயிருச்சு. எனக்கு அழுகையே வந்துருச்சு.

அத்தை: வீட்டு நெனப்பு வந்துருக்கும் கண்ணு, அழாத

நிவேதா: இல்ல அத்தை, கண்ணாடியப் பாத்துதான்

நிவேதா: கார்த்தி, உனக்கு ஒண்ணு. இந்த ஊர்ல ஒரு மரக்கட்டைக்குக் கண்ணு மூக்கு வரைஞ்சு, செவப்புத் தொப்பி போட்டு, டிசம்பர் 8லருந்து தெனமும் சோறு வைக்கிறாங்க. நாளைக்கு ராத்திரி புள்ளைக எல்லாம் பாட்டுப் பாடிக்கிட்டே அத குச்சியால மொத்துவாங்க. அது வெளிக்கி போகும். அதுதான் கிறிஸ்துமஸ் பரிசு.

கார்த்தி: அக்கா சத்தியமாவா 😂😂😂

அம்மா: நிவேதா இது குடும்ப குரூப்பு

நிவேதா: அம்மா இங்க எல்லா வீட்லயும் உண்டு. குளிராம இருக்க அதுக்குப் போர்வையெல்லாம் போத்துறாங்க.

கார்த்தி: அப்பத்தாகிட்ட படிச்சுக் காட்டுனேன். "கட்டைக்குப் போர்வை இருக்கட்டும், அவளுக்கு இருக்கான்னு கேளு"ங்குது

டிசம்பர் 26

நிவேதா: வலென்சியா வந்தாச்சு. (படம்) இது ஒரு காலத்துல ஆறு. 1957ல வெள்ளம் வந்து ஊரே முங்கிப்போனதால ஆத்தையே ஊருக்கு வெளிய திருப்பி விட்டுட்டாங்க. காஞ்ச படுகையில ரோடு போடலாம்னு இருந்தாங்களாம், சனங்க விடல. இப்ப முழுக்கப் பூங்கா. பாலத்துக்கு அடியில சைக்கிள் ஓட்டிட்டுப் போனேன்.

அம்மா: சோறு கெடைக்குதா

நிவேதா: சோத்து ஊருக்கேதான் வந்திருக்கேன். பாயெல்லா. அகலமான தட்டை வாணல்ல கோழியும் முயலும் பெரிய மொச்சை மாதிரி ஒரு பயறும் குங்குமப்பூவும் போட்டு ஆக்குறாங்க. மத்தியானம்தான் திங்கணுமாம். ராத்திரி கேட்டா உள்ளூர்க்காரங்க ஒரு மாதிரியாப் பாக்குறாங்க. அடியில பிடிச்ச காந்தலுக்குத்தான் அடிதடி, அதுக்குத் தனிப் பேரே இருக்கு, சொக்கர்ராத்.

கார்த்தி: அப்பத்தா: "அந்தக் காந்தலுக்குத்தானே நீயும் உங்க சித்தப்பனும் சட்டியப் பிடிச்சு இழுப்பீக"

சித்தப்பா: நான் இப்பவும் ரெடி

டிசம்பர் 27

நிவேதா: (படம்) இங்க பெரிய மார்க்கெட். வருஷக் கடைசிக்கு எல்லாரும் திராட்சை வாங்குறாங்க. பாருங்க, கொத்துக் கொத்தா பேப்பர் பைக்குள்ள.

அப்பா: அது என்ன பை

நிவேதா: அப்பா!!

அப்பா: பேப்பரா துணியா. பறிச்சப்பறம் போட்டதா, கொடியில கட்டுனதா

அம்மா: கண்ணாடியத் தேடி எடுத்துப் போட்டு ஒத்த வெரல்ல தட்டிட்டு இருக்காரு

நிவேதா: கொடியிலயே கட்டுறாங்கப்பா. போன்ல மொழிபெயர்த்துக் கடைக்காரம்மாகிட்ட கேட்டேன். வினலோப்போ ஆத்துப் பக்கம் வெளையுது, அலிகாண்டே மாவட்டம். ஜூன், ஜூலைல காய் சின்னதா இருக்கப்பவே கொத்துக்கு ஒரு பை. கொறைஞ்சது 60 நாள் பைக்குள்ள இருக்கணும், அப்பத்தான் அந்த ஊர் முத்திரை. நூறு வருஷம் முன்னாடி புழுவுக்குப் பயந்து கட்டுனது. கட்டிப் பாத்தா தோல் மெலிசா, ஒரே நிறமா, மெதுவாப் பழுத்திருக்கு. டிசம்பர் வரைக்கும் கொடியிலயே நிக்குது.

அப்பா: அடி தெறந்திருக்கா

நிவேதா: தெறந்துதான் இருக்கு. மேல காம்போட கட்டு.

அப்பா: சரிதான். மூடுனா வேர்த்துப் போயி அழுகிரும்

அப்பா: கொத்துக்கு ஒண்ணுன்னா ஏக்கருக்கு எத்தன ஆளு வேணும். கூலி கட்டுமா. மழை பேஞ்சா பேப்பர் நிக்குமா

அத்தை: அண்ணன் இந்தக் குரூப்புல இவ்வளவு எழுதி நான் பாத்ததே இல்ல

நிவேதா: அவ்வளவு அந்தம்மாவுக்குத் தெரியலப்பா. நொவெல்டான்னு ஒரு ஊரு, அங்க தோட்டம் இருக்காம்.

அப்பா: சும்மா கேட்டேன் தாயி. நீ உன் வழியப் பாரு

டிசம்பர் 28

நிவேதா: (படம்) (படம்) (படம்)

அப்பா: எங்க இருக்க

நிவேதா: நொவெல்டா. இன்னைக்கு செவில்லா போக வேண்டியது. டிக்கெட்ட விட்டுட்டேன்.

அம்மா: காசு?

நிவேதா: போச்சும்மா, 31 யூரோ. அப்பா, பாருங்க. முக்காவாசி பறிச்சு முடிச்சுட்டாங்க, கடைசி வரிசைல மட்டும் இன்னும் பை தொங்குது. கம்பி இழுத்து நம்ம பந்தல் மாதிரியே. தோட்டத்துல ஒரு பெரியவர் இருந்தாரு. கம்பம் பக்கம் எங்க வீட்லயும் திராட்சைன்னு சொன்னதும் கையப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போயிட்டாரு. இந்த ரகம் பேரு அலேதோ. வெள்ளை, விதை உண்டு.

அப்பா: கவாத்து எப்ப

நிவேதா: இனிமேதானாம். இலை முழுக்கக் கொட்டணும், குளிர்ல கொடி தூங்கணும்ங்குறாரு. வருஷத்துக்கு ஒரு வெள்ளாமைதான்.

அப்பா: நம்ம கொடி தூங்குறதே இல்ல. வெட்டி நாலு மாசம், பறிச்சுட்டு மறுபடி வெட்டு. அவர்கிட்ட சொன்னியா

நிவேதா: சொன்னேன். ரெண்டு வருஷத்துல அஞ்சு தடவைன்னதும் போன்ல தப்பா மாறிருச்சுன்னு நெனச்சு மறுபடி கேட்டாரு. அப்பறம் "பாவம் அந்தச் செடி"ன்னாரு.

அப்பா: செடி மட்டுமா

நிவேதா: ஒரு பை குடுத்திருக்காரு. ஊர்ல மலை மேல ஒரு கோயில், பார்சிலோனா கோயில் சாயல்லயே, ஆத்துக் கூழாங்கல்லப் பதிச்சுக் கட்டியிருக்காங்க. அதுவும் பாத்தேன். இன்னொண்ணு, இன்னைக்கு இங்க ஏப்ரல் ஃபூல் மாதிரி நாள். ஸ்டேஷன்ல யாரோ பேப்பர்ல வெட்டுன பொம்மைய என் முதுகுல ஒட்டி விட்டுருக்காங்க. தெரியாம ஊர் முழுக்க நடந்திருக்கேன். பெரியவருதான் எடுத்து விட்டாரு.

கார்த்தி: அக்கா ஸ்பெயினே உன்ன கண்டுபிடிச்சிருச்சு

டிசம்பர் 31

நிவேதா: மாட்ரிட். காலைல எட்டரைக்கும் சூரியனே வரல. 1940ல ஜெர்மனி நேரத்துக்கு மணிய மாத்துனவங்க திரும்ப மாத்தவே இல்லயாம்.

நிவேதா: எல்லாரும் கவனிங்க. ராத்திரி 12 மணிக்கு புவேர்த்தா தெல் சோல் சதுக்கத்துக் கடிகாரம் 12 தடவை அடிக்கும், மூணு விநாடிக்கு ஒண்ணு. அடிக்கு ஒரு திராட்சை. 36 விநாடில பன்னெண்டும் முடியணும், அப்பத்தான் வருஷம் நல்லாருக்கும். நமக்கு அது விடியக்காலம் 4:30.

சித்தப்பா: எதுக்கு திராட்சை

நிவேதா: 1909ல அலிகாண்டே பக்கம் அமோக வெளைச்சல், விக்க முடியாம வெவசாயிகதான் கெளப்பி விட்டாங்கன்னு கதை. ஆனா 1890கள்லயே மாட்ரிட்ல தின்னுருக்காங்க.

அப்பா: கதைதான் நெசமா இருக்கும். வெல விழுந்தா எதையும் கெளப்புவான் வெவசாயி

அம்மா: நீ அந்தக் கூட்டத்துக்குள்ள போகாத

நிவேதா: போகலம்மா. போலீஸ் வேலி போட்டு எண்ணித்தான் விடுறாங்க. விடுதி டிவில பாக்குறேன். தோல் உரிச்ச 12 பழம் டப்பால விக்குது, எல்லாரும் அதான் வச்சிருக்காங்க. நான் நொவெல்டா கொத்து வச்சிருக்கேன்.

ஜனவரி 1, விடியக்காலம்

கார்த்தி: அப்பத்தா கோலம் போட்டு முடிச்சுட்டு திண்ணைல உக்காந்திருக்கு. மடியில பன்னீர் திராட்சை. அப்பா ராத்திரியே பறிச்சுட்டு வந்துட்டாரு.

அத்தை: நாங்களும் முழிச்சாச்சு. இங்க கருப்பு திராட்சைதான் கெடச்சுது

அப்பா: விதைய முழுங்கிராதீங்க

நிவேதா: முதல்ல நாலு தடவை இரட்டை மணி அடிக்கும். அது கணக்கில்ல. வருஷா வருஷம் யாராவது ஏமாந்து தின்னுருவாங்க

சித்தப்பா: ஆரம்பிச்சுருச்சா

சித்தப்பா: 3 தின்னுட்டேன்

நிவேதா: சித்தப்பா அது இல்ல!!!!

கார்த்தி: இப்ப இப்ப இப்ப

அம்மா: 5

கார்த்தி: அப்பத்தா ஒண்ணாவதுலயே விதை எடுத்துட்டு இருக்கு

அத்தை: 12 முடிச்சாச்சு, பேச முடியல

நிவேதா: எல்லாருக்கும் புத்தாண்டு வாழ்த்துக்கள்!! இங்க பட்டாசு காதக் கிழிக்குது

கார்த்தி: அப்பத்தா இப்பத்தான் நாலாவது. "வருஷம் எங்க ஓடிரப் போகுது"ங்குது

அம்மா: சாப்டு படு

ஜனவரி 1, காலை 7:50

அப்பா: (படம்)

நிவேதா: அப்பா நீங்க போட்டோவா!! என்னது இது

அப்பா: தெக்குப் பந்தல்ல நாலு கொத்துக்குக் கட்டியிருக்கேன். அடி தெறந்து விட்டுருக்கு. நீ அந்தப் பைய மடிக்காமக் கொண்டா, அளவு பாக்கணும்

அம்மா: அது இன்னைக்குப் பேப்பரு. நான் இன்னும் படிக்கவே இல்ல