மறு: அக்கவுண்டபிலிட்டி, எனேப்ளிங் என்விரான்மென்ட் – தமிழில் எப்படிச் சொல்லலாம்?

அனைவருக்கும் வணக்கம்.

அக்கவுண்டபிலிட்டிக்கு இந்தக் கேள்வியின் கீழ் அண்ணன் ஒருவர் சொன்ன 'பொறுப்புடைமை'யை என்னால் ஏற்க முடியவில்லை. பொறுப்பு ஒருவர் மனசுக்குள்ளேயே இருந்துவிடலாம், யாருக்கும் பதில் சொல்லாமலே 'நான் பொறுப்பானவன்' என்று சொல்லிக்கொள்ளலாம். அக்கவுண்டபிலிட்டி என்றால் எதிரே கேட்பதற்கு ஓர் ஆள் வேண்டும். இலங்கையில் புழங்கும் 'பொறுப்புக்கூறல்' இதைவிட மேல், ஆனால் அது போர்க்கால விவகாரங்களோடு ஒட்டிப்போய்விட்டது.

காரைக்குடிப் பக்கம் இதற்குச் சொல் கையிலேயே இருக்கிறது. நகரத்தார் பர்மாவில் லேவாதேவி, அதாவது வட்டிக்குக் கடன் கொடுக்கும் தொழில், நடத்திய காலத்தில் மூன்று வருஷத் தவணைக்குப் போன ஏஜென்ட், அடுத்து வருகிறவரிடம் கணக்கை ஒப்புவித்துவிட்டுத்தான் ஊர் திரும்புவார். இன்றும் திருவிழா முடிந்ததும் வரவு செலவை ஊர்க்கூட்டத்தில் வாசிக்கிறோம், கேட்கிறவர் எழுந்து கேட்பார். ஆகவே 'கணக்கொப்புவிப்பு'. அது பணத்துக்கு மட்டும்தானே என்பீர்கள். இல்லை, 'நான் எங்கே போறேன், வாரேன்னு உன்கிட்ட கணக்குச் சொல்லணுமா?' என்று வீட்டில் கேட்பதில் பணம் எங்கே இருக்கிறது?

தொண்டு நிறுவனங்கள் போன்ற 'சிவில் சொசைட்டி' அமைப்புகளைக் 'குடிமைச் சமூக அமைப்பு' என்பது அப்படியே இருக்கட்டும்.

அடுத்து, எனேப்ளிங் என்விரான்மென்ட்டுக்குச் 'சாதகமான சூழல்' வேண்டவே வேண்டாம், அது மழை மாதிரி தானாக அமைவது போல இருக்கிறது. 2010-இல் இஸ்தான்புல்லில் தொண்டு அமைப்புகள் தங்களுக்குத் தாங்களே எட்டு நெறிகள் வகுத்துக்கொண்டன, வெளிப்படையாகக் கணக்கொப்புவிப்பது அதில் ஒன்று. மறு வருஷம் தென்கொரியாவின் புசானில் வளர்ச்சி உதவி பற்றி நடந்த மாநாட்டில் அந்த அமைப்புகள் சுதந்திரமாக இயங்க வழிசெய்து தருவதாக அரசுகள் ஒப்புக்கொண்டன. ஒருவர் ஏற்படுத்தித் தர வேண்டியது அது, 'ஏது' என்றால் ஒன்று நடக்கக் காரணமாக இருப்பது, அதனால் 'ஏதுச்சூழல்' என்கிறேன்.

ஊருணி தூர்வாரும் சின்னக் குழு ஒன்றுக்கு நான் கணக்கு எழுதுகிறேன். பெரிய அமைப்பு ஒன்று தனக்கு வந்த வெளிநாட்டு நன்கொடையில் ஒரு பங்கை எங்களுக்குத் தந்துகொண்டிருந்தது. 2020-இல் வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தைத் திருத்தி, அப்படிப் பிரித்துக் கொடுக்கவே கூடாது என்றார்கள், நிர்வாகச் செலவின் உச்சவரம்பும் 50 சதவீதத்திலிருந்து 20 ஆனது. டீச்செலவு வரை ஒப்புவித்த குழு எங்களுடையது, பணம் வராமல் வேலை பாதியில் நின்றுவிட்டது. எங்களிடம் கணக்கொப்புவிப்பு இருந்தது, ஏதுச்சூழல் இல்லை. இரண்டையும் 'நல்லாட்சி' என்று ஒரே மூட்டையாகக் கட்டினால் இந்த வேறுபாட்டை எப்படிச் சொல்வது?

அப்புறம், 'ஏதுச்சூழல்' என்பதில் ஒற்று மிகுமா? இலக்கணம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள், திருத்திக்கொள்கிறேன்.