புதுப்பிப்பு: ஆம்னி வேன் கூரையில் சொட்டிய தண்ணீர் நின்றுவிட்டது

வழி சொன்ன எல்லோருக்கும் நன்றி. படுத்துத் தூங்குவதற்காக மாற்றிய என் பழைய ஆம்னி கார்கோ வேனில், ஊட்டிக் குளிரில் விடியற்காலை கூரையிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது என்று கேட்டிருந்தேன். ஓட்டை என்றே நினைத்திருந்தேன். "மழை இல்லாத நாளிலும் சொட்டுகிறதா, பாருங்கள்" என்று ஒருவர் கேட்டாரே, அங்கேதான் விடை. சொட்டியது, குளிர்ந்த கூரைத் தகட்டில் பட்டு நீராக மாறிய எங்கள் மூச்சின் ஈரம்.

குளிர் தடுக்கக் கூரையின் உள்பக்கம் வைத்திருந்த தெர்மாகோலைப் பிரித்தேன். தகட்டுக்கும் அதற்கும் நடுவே விரல் நுழையும் இடைவெளி; உள்ளே தகடெல்லாம் முத்து முத்தாக நீர். எதிர்பாராதது துரு. கம்பி பிரஷ்ஷால் தேய்த்து ரெட் ஆக்சைடு (துரு தடுக்கும் பெயின்ட்) அடிக்கவே இரண்டு நாள் ஆனது. பிறகு ஏசி பைப்பில் சுற்றுவார்களே, அந்த நைட்ரைல் ரப்பர் ஷீட், 13 மி.மீ., இடைவெளியே இல்லாமல் தகட்டோடு ஒட்டினேன். பசை உட்பட 4,800 ரூபாய்.

ஷீட் மட்டும் போதவில்லை, முதல் இரவு கண்ணாடி நனைந்தது. இருபக்க ஜன்னலையும் இரண்டு விரல் திறந்து கொசுவலை கட்டியபின் சரியானது. கோத்தகிரியில் நான்கு இரவு தங்கினோம், போர்வை காய்ந்தே இருந்தது. உள்ளே கேஸ் அடுப்பு பற்றவைத்தால் மட்டும் ஈரம் திரும்புகிறது. இப்போது சமையல் வெளியே.