புதுப்பிப்பு: அப்பாவின் புராஸ்டேட் புற்றுநோயும் வைட்டமின் ஈ மாத்திரையும்

அப்பாவுக்குத் தொடக்கநிலைப் புராஸ்டேட் புற்றுநோய் என்றும், உறவினர் ஒருவர் சொன்னதால் அவர் தினமும் வைட்டமின் ஈ மாத்திரை எடுத்துக்கொள்கிறார் என்றும் முன்பு எழுதியிருந்தேன். அது உதவும் என்று அன்று நானும் நம்பியது தவறு. அதைத் திருத்தவே இந்தப் பதிவு.

புராஸ்டேட் புற்றுநோயைத் தடுக்க முடியுமா என்று பார்க்க 2001இல் தொடங்கிய ‘செலக்ட்’ ஆய்வில், அமெரிக்கா, கனடா, போர்ட்டோ ரிக்கோவைச் சேர்ந்த 35,000க்கும் மேற்பட்ட ஆண்களுக்கு வைட்டமின் ஈ, செலினியம் என்னும் தாதுச்சத்து, இரண்டும் சேர்த்து, அல்லது மருந்தில்லாத வெற்று மாத்திரை தரப்பட்டது. பயன் தெரியாததால் 2008இல் மாத்திரைகள் நிறுத்தப்பட்டன. ஆனால் 2011இல் வெளியான முடிவுகளில், தினமும் 400 அலகு வைட்டமின் ஈ மட்டும் உட்கொண்டவர்களிடையே இந்நோய், வெற்று மாத்திரை எடுத்தவர்களைவிட 17 விழுக்காடு கூடுதலாக இருந்தது. அவர்கள் நோயில்லாமல் ஆய்வில் சேர்ந்தவர்கள் என்றாலும், இதைப் படித்தபின் எனக்கு மனம் பதறியது. அப்பாவின் புட்டியிலும் அதே 400தான் அச்சிட்டிருந்தது. மருத்துவரிடம் காட்டியதும் நிறுத்தச் சொல்லிவிட்டார்.

காய்கறி அதிகம் உண்டால் இந்நோய் கட்டுப்படுமா என்று கேட்டவர்களுக்கு: 2020இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், சிகிச்சையின்றிக் கண்காணிப்பில் இருந்த 478 ஆண்களில் ஒரு பாதியினரைக் காய்கறி அதிகம் உண்ண ஊக்குவித்தும், இரண்டு ஆண்டுகளில் நோய் முன்னேறும் வேகம் குறையவில்லை. ஆயினும் இதயத்துக்கும் உடல் எடைக்கும் காய்கறி நல்லது என்பதால் அப்பா அதை விடவில்லை. தக்காளியை எண்ணெயில் வதக்கினால் அதிலுள்ள லைகோபீன் என்னும் சிவப்பு நிறச் சத்து உடலில் நன்றாகச் சேரும். அம்மா தொக்கு கிளறுகிறார், அப்பா அதை மருந்தாக எண்ணாமல், விருப்பத்தோடு சாப்பிடுகிறார்.

புராஸ்டேட்டின் நிலையைக் கண்காணிக்கும் பிஎஸ்ஏ ரத்தப் பரிசோதனை அடுத்து மூன்று மாதம் கழித்து.