மறு: கனவில் 'கண்டென்சேஷன்': எந்தச் சொல்?

வணக்கம். உளவியல் வகுப்புக்காக ஃபிராய்டின் கனவுக் கோட்பாட்டை மொழிபெயர்க்கிறேன். வெள்ளிக்கிழமை கொடுத்தாக வேண்டும். கனவில் தெரிவது 'வெளிப்படை', மறைந்திருப்பது 'உள்ளுறை' என்று எழுதிவிட்டேன். பல எண்ணங்கள் கனவில் ஒரே உருவாகத் திரள்வதைச் சொல்லும் 'கண்டென்சேஷன்' மட்டும் நிற்கிறது. 'சுருக்கம்' போதுமா?

—

போதாது. சுருக்கினால் விஷயம் குறையும், இங்கே ஏறுகிறது. ஃபிராய்டு கண்ட கனவு ஒன்று: ஒரு செடியைப் பற்றித் தாம் எழுதிய நூல் முன்னால் கிடக்கிறது, மடித்து வைத்த வண்ணப்படத்தைத் திருப்புகிறார், கூடவே ஓர் உலர்ந்த செடி. அவ்வளவுதான். அந்தத் 'தாவர'த்துக்குள் முந்தைய மாலை சந்தித்த கெர்ட்னர் (அப்பெயருக்கே தோட்டக்காரர் என்று பொருள்), ஃப்ளோரா என்ற நோயாளி, மனைவிக்குப் பிடித்த பூ, கோக்கா செடி பற்றி 1884இல் எழுதிய கட்டுரை எல்லாம் வந்து உட்கார்ந்திருக்கின்றன. 'செறிவு' என்பதே பொருந்தும். ஜெர்மன் சொல் 'ஃபெர்டிச்டுங்'. அதற்குள் கவிதையைக் குறிக்கும் 'டிச்டுங்' இருக்கிறது. நமக்கும் தண்டியலங்காரம் என்ற அணியிலக்கண நூல் செய்யுளுக்குச் சொல்லும் பத்துக் குணங்களில் முதலாவது செறிவு!

—

அந்த இரண்டு ஜெர்மன் சொற்களும் வேறு வேர். கவிதைச் சொல் லத்தீன் 'டிக்டாரே'யிலிருந்து வந்தது. 'ஃபெர்டிச்டுங்'கில் இருப்பது 'அடர்ந்த' என்ற 'டிச்ட்'. அப்புறம், மாணவர்களுக்குச் செறிவு என்றால் கரைசலின் செறிவுதான். இலக்கணத்தில் வரும் 'தொகை' என்று வையுங்கள். 'பொற்றொடி வந்தாள்': வந்தது வளையல் இல்லை, அணிந்தவள். சொல்லில் இல்லாதவளே பொருள். கனவும் ஓர் அன்மொழித்தொகைதான்.

—

அழகான ஒப்புமை. ஆனால் 'தொகை' என்றதும் வகுப்பில் பணம்தான் நினைவுக்கு வரும். 'செறித்தல்' என்றால் செரித்தல் ஆகிவிடும். 'செறிவாக்கம்' எனலாமே?

—

எனக்கும் செறிவாக்கம் சரி.

—

ஆகட்டும். என் மறுப்பு 'உள்ளுறை'க்குத்தான். தொல்காப்பியர் சொல்லும் உள்ளுறையில் புலவர் பாட்டுக்குள் இன்னொரு பொருளைத் தெரிந்தே வைக்கிறார். கேட்பவர் திணை உணர்ந்தால் எடுத்துக்கொள்ளலாம். கனவு கண்டவருக்கோ தாம் மறைத்ததே தெரியாது. மனத்தின் தணிக்கைக்குத் தப்பி வந்த எண்ணத்துக்கு, கேட்பவரை நம்பி வைத்த பொருளின் பெயரைச் சூட்டினால் கோட்பாட்டின் நடுவே ஓட்டை விழும். 'மறைபொருள்' என்றாவது எழுதுங்கள்.

—

செறிவாக்கத்தைப் போட்டுவிட்டேன், நன்றி. 'உள்ளுறை' நாற்பது இடத்தில் வருகிறது. இப்போதைக்கு அப்படியே விட்டு, உங்கள் மறுப்பை முதல் அடிக்குறிப்பில் சேர்க்கிறேன்.

—

அடிக்குறிப்பை மாணவர்கள் படிப்பதில்லை. நாற்பது இடத்தையும் நானே மாற்றித் தருகிறேன், கோப்பை அனுப்புங்கள்.