12 விலா எலும்பு இருக்கு, வரிசை மட்டும் வரல. உதவுங்க

பிசியோ_முதல்வருஷம்:

வணக்கம். புதன்கிழமை அனாட்டமி ஸ்பாட்டர் (எலும்பை வச்சு என்னன்னு கேட்கற தேர்வு). சீனியர் அக்கா ஒருத்தங்ககிட்ட பழைய அரை போன் செட் (ஒரு பக்கத்து எலும்புங்க மட்டும்) வாங்கினேன். கை கால் எலும்பெல்லாம் சமாளிச்சுட்டேன். ஒரு மஞ்சப்பையில போட்டுக் கொடுத்த விலா எலும்புங்கதான் பிரச்சினை. எல்லாமே வலது பக்கம்னு சொன்னாங்க, எண்ணினா 12 சரியா இருக்கு. நேத்து ராத்திரி ஹாஸ்டல் கட்டில்ல சின்னதுல இருந்து பெரிசு வரைக்கும் அடுக்கிப் பார்த்தேன். பக்கத்துப் பக்கத்து எலும்புங்க ஒண்ணோட ஒண்ணு ஒத்தே போகல. அதுல ஒண்ணு எப்படித் திருப்பி வச்சாலும் முறைச்சுக்கிட்டே நிக்குது. (பாதி ராத்திரி முழிச்ச ரூம்மேட் கட்டிலைப் பார்த்து அலறினது தனிக்கதை.)

முள்ளெலும்பு கோத்திருந்த கம்பியும் அறுந்துபோச்சு. கழுத்து 7, மார்பு 12, இடுப்பு 5 எல்லாம் தெரியும். ஆனா ஒண்ணைத் தனியா கையில கொடுத்தா மூளை காலி. புத்தகத்துல இருக்கிற பட்டியல் மனப்பாடம். எலும்பைத் தொட்டா ஒண்ணும் வரமாட்டேங்குது.

ராத்திரிப்படிப்பு:

ஸ்பாட்டர்ல 1, 2, 11, 12 தான் வைப்பாங்க. நடுவுல இருக்கிறதை விட்டுடு.

போன்ரூம்_சாவி:

அப்படி விட்டுடாதீங்க பாப்பா. நடு விலா எலும்பை வச்சு "எந்தப் பக்கம்?"னு கேட்டாலே பாதி வகுப்பு முழிக்கும்.

நான் டாக்டர் இல்ல. ஒரு மருத்துவக் கல்லூரி அனாட்டமி டிபார்ட்மெண்டுல 31 வருஷம் அட்டெண்டர். பிள்ளைங்க சாயங்காலம் எலும்பைத் திருப்பிக் கொடுக்கும்போது எண்ணி வாங்கறது என் வேலை. ஒண்ணு குறைஞ்சாலும், வலதுக்குப் பதிலா இடது வந்தாலும், ரிஜிஸ்டர்ல என் கையெழுத்துதான் மாட்டும். கரண்ட் போன நாள்லயும் வாங்கி வச்சிருக்கேன், அதனால கைக்கே பழக்கம்.

நீங்க பண்ணின முதல் தப்பு, சின்னதுல ஆரம்பிச்சு பெரிசுல முடிச்சது. விலா எலும்பு அப்படி வளராது. 1-ல இருந்து 7 வரைக்கும் நீளம் ஏறும், 7-க்கு அப்புறம் 12 வரைக்கும் இறங்கும். உங்க கட்டில்ல 1-ம் 12-ம் அக்கம்பக்கமா படுத்திருக்கும், எப்படி ஒத்துப்போகும்?

அளவை மறந்துட்டு முதல்ல பக்கத்தைப் பாருங்க. குண்டா இருக்கிற முனை தலை, அது முதுகுப் பக்கம். குழிஞ்ச முனை முன்பக்கம், அங்கதான் குருத்தெலும்பு ஒட்டும். விளிம்புல ஒண்ணு மழுங்கல், இன்னொண்ணு கூர். கூர் கீழே வரணும். கூர் விளிம்புக்கு உள்பக்கமா விரலை ஓட்டினா வாய்க்கால் மாதிரி ஒரு பள்ளம் தட்டும். அதுல மேலே வெயின், நடுவுல ஆர்ட்டரி, கீழே நெர்வ். நெஞ்சுல டியூப் போடற டாக்டருங்க கீழே இருக்கிற விலாவோட மேல் விளிம்பை ஒட்டி ஏன் குத்தறாங்கன்னு இப்பப் புரியுதா? மேல் விலாவோட அடியில குத்தினா ரத்தக்குழாய் மாட்டும்.

இப்படிப் பிடிச்சு உங்க உடம்புலயே வச்சுப் பாருங்க. வலது நெஞ்சுல படிஞ்சா வலது. முறைக்குதுன்னு சொன்னீங்களே, அது இடதா இருக்கும்னு என் சந்தேகம்.

அப்புறம் வரிசை. 1-ம் நம்பர் தட்டையா, குட்டையா, அரிவாள் மாதிரி நல்லா வளைஞ்சிருக்கும். மேஜையில வைங்க. மேல்பக்கம் மேல இருந்தா ரெண்டு முனையும் மேஜையைத் தொடும். கவுத்து வச்சிருந்தா தலை தூக்கிக்கும். 2-ல வெளிப்பக்கம் நடுவுல சொரசொரப்பா ஒரு மேடு. 11, 12-க்குத் தலையை ஒட்டின ஒடுங்கின கழுத்தும் இல்ல, அதுக்கு அடுத்து வர்ற ட்யூபர்கிள்ங்கிற சின்னப் புடைப்பும் இல்ல, முன்முனை கூம்பிப்போயிருக்கும். 12-ல பள்ளம்கூட இருக்காது.

மிச்சம் 3-ல இருந்து 10. இதுல ஒரே நீளத்துல ரெண்டு வரும், எது மேல் எது கீழ்னு குழப்பும். ட்யூபர்கிள்ல இருந்து ஆங்கிள் வரைக்கும், அதாவது எலும்பு சட்டுனு திரும்பற இடம் வரைக்கும், ஒரு நூல் பிடிங்க. கீழே போகப்போக அந்த தூரம் கூடிக்கிட்டே போகும். 1-ல ரெண்டும் ஒரே இடம், 10-ல நல்லா தள்ளிப்போயிருக்கும். நான் நூலை விட்டுட்டுக் கட்டைவிரல்லயே அளக்கப் பழகிட்டேன். பிளாஸ்டிக் செட்டுல இதெல்லாம் பாதி மழுங்கியிருக்கும், அதை நம்பி அளக்காதீங்க.

முள்ளெலும்புக்கு மூணே கேள்வி. பக்கவாட்டுல நீட்டிக்கிட்டிருக்கிற ரெண்டு சிறகுலயும் துளை இருக்கா? கழுத்து. உடம்போட, அதாவது முன்னாடி இருக்கிற கட்டையோட, பக்கத்துல விலாத்தலை உட்கார்ற வழவழப்பு இருக்கா? மார்பு. ரெண்டும் இல்லாம கனமா, பின்னாடி முள் கோடாரித் தகடு மாதிரி இருக்கா? இடுப்பு. உடம்பே இல்லாம வளையம் மாதிரி வந்தா அட்லஸ் (கழுத்துல முதல் எலும்பு), பல்லு முளைச்சிருந்தா ஆக்சிஸ் (ரெண்டாவது).

வாளிப்பிடி:

ஐயா சொன்ன ட்யூபர்கிளைத் தடவும்போது அங்க முள்ளெலும்புச் சிறகோட சேர்ற மூட்டு எப்படி இருக்குன்னும் பாரு தங்கச்சி. மேல் விலாக்கள்ல குவிஞ்சிருக்கும், 8-10ல தட்டையா இருக்கும். பிசியோ வைவாவுல (வாய்மொழித் தேர்வு) "அதனால என்ன?"ன்னு அடுத்த கேள்வி வரும். குவிஞ்சது சுழலும், அதனால மூச்சு இழுக்கும்போது மேல் நெஞ்சு அடிபம்புக் கைப்பிடி மாதிரி முன்னால எழும்பும். தட்டையானது வழுக்கும், கீழ் விலாக்கள் வாளிப்பிடி மாதிரி பக்கவாட்டுல தூக்கும். ரெண்டு கையையும் உன் விலாவுல வச்சு இழுத்துப் பாரு, படிக்கவே வேண்டாம். 11, 12-க்கு இந்த மூட்டே கிடையாது.

கறுப்புப்படம்:

எக்ஸ்ரே டெக்னீஷியன். எங்களுக்கு எலும்பு கையில கிடைக்காது, நிழல்தான். நெஞ்சுப் படத்துல கிட்டத்தட்ட படுக்கையா ஓடறது பின்பகுதி, சரிஞ்சு இறங்கறது முன்பகுதி. சிலருக்குக் கழுத்து 7-வது முள்ளெலும்புல இருந்தே ஒரு குட்டி விலா கிளம்பியிருக்கும். நூத்துல ஒருத்தருக்குக்கூட வராது, ஆனா வந்தா நரம்பை அழுத்தி சுண்டுவிரல் பக்கம் மரத்துப்போற ஆளுங்க உண்டு. அதை முதல் விலான்னு எண்ணிட்டா மொத்தமும் ஒண்ணு தள்ளிப்போயிடும். நான் பக்கவாட்டுச் சிறகைப் பார்ப்பேன். கழுத்து 7-ல அது கீழ்நோக்கிச் சரியும், மார்பு 1-ல மேல்நோக்கி நிமிரும்.

உயிரோட இருக்கிற ஆள்கிட்ட எண்ணணும்னா தொண்டைக்குழியில இருந்து விரலை இறக்குங்க. மார்பெலும்புல குறுக்கா ஒரு மேடு தட்டும். அதுக்கு நேர் பக்கத்துல இருக்கிறது 2-வது விலா. 1-ஐத் தேடாதீங்க, காறையெலும்புக்கு அடியில ஒளிஞ்சிருக்கும்.

பிசியோ_முதல்வருஷம்:

ஐயா, முறைச்சது இடதேதான்! பள்ளத்தைக் கீழே வச்சா தலை முன்னாடி வந்து நிக்குது. அதை எடுத்துட்டு மிச்சம் 11-ஐயும் நூல் பிடிச்சு அடுக்கினேன். 4-க்கும் அடுத்ததுக்கும் நடுவுல தூரம் சட்டுனு தாவுது. அங்க 5 இல்ல. இடது பக்கத்து எலும்பை அளந்தா சரியா அந்த இடைவெளிக்கு வருது. அப்போ எனக்கு வந்தது இடது 5, வலது 5 காணோம். சரிதானா? 12 மட்டும் எந்தப் பக்கம்னு இன்னும் பிடிபடல.

போன்ரூம்_சாவி:

சரிதான். 12-ல பள்ளம் இல்லாததால எனக்கும் கையில தட்டாது, எலும்புல முன்னாடி யாராவது வ, இ போட்டிருந்தா பார்த்துக்குவேன். உங்க அக்காகிட்ட அவங்க ரூம்மேட் யாருன்னு கேளுங்க. அந்தப் பிள்ளை இடது அரை செட் வச்சிருந்திருக்கும், அதோட பையில ஒரு வலது 5 யாரோடவும் ஒட்டாம முறைச்சுக்கிட்டு இருக்கும்.