எந்த எச்.எம்.மிடம் (தலைமை ஆசிரியரிடம்) வேலை பார்த்தபோது நிம்மதியாக இருந்தது?

ஆசிரியர்களின் பணியிட மாறுதல் கலந்தாய்வு நெருங்கினாலே ஸ்டாஃப் ரூமில் ஒரே கேள்விதான்: "பணியிடம் காலி, சரி, எச்.எம். யாரு?" பஸ் வசதி, வீட்டு வாடகை எல்லாம் அப்புறம். தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்திலும் வேலை பார்த்தவன் நான். பள்ளிப் பெயர்கள் வேண்டாம்.

பென்னாகரம் பக்கம் ஓர் உயர்நிலைப் பள்ளி. எச்.எம். கண்டிப்புக்குப் பேர் போனவர். மணி அடித்ததும் வருகைப் பதிவேட்டை எடுத்து உள்ளே வைத்துவிடுவார். பாடக்குறிப்பில் தேதி விட்டுப்போனால் சிவப்பு மையில் வட்டம். சேர்ந்த புதிதில் எனக்கு ஒரே எரிச்சல். அப்புறம் ஒருநாள் டீம் விசிட், அதாவது கல்வி அதிகாரிகள் குழு ஆய்வு, வந்தது. எங்கள் பத்தாம் வகுப்பில் பலருக்கு வாசிப்பே தடுமாற்றம். பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போகிறவர்கள் பிள்ளைகளையும் கூட்டிப் போய்விடுவார்கள், மாதக்கணக்கில் திரும்ப மாட்டார்கள். வந்த அதிகாரி கணக்கு டீச்சரை எல்லார் முன்னாலும் நிற்க வைத்துக் கேட்க ஆரம்பித்தார். எச்.எம். எழுந்து, "இந்தப் பள்ளிக்கு நான்தான் பொறுப்பு சார், என்கிட்ட கேளுங்க" என்றார். பதிவேட்டைத் திறந்து எந்தப் பிள்ளை எந்த மாதம் ஊரிலேயே இல்லை என்று காட்டினார். மெமோ கொடுப்பதானால் தன் பேருக்கே கொடுக்கச் சொன்னார். சாயங்காலம் அதே டீச்சரைக் கூப்பிட்டுத் தனியாக நன்றாகவே திட்டினார் என்பது வேறு கதை. ஆனால் அதற்குப் பிறகு அந்தச் சிவப்பு வட்டத்தைப் பற்றி யாரும் முணுமுணுக்கவில்லை.

அடுத்தது கிருஷ்ணகிரி பக்கம். இந்த எச்.எம். தங்கமான மனுஷர், யாரையும் ஒரு வார்த்தை சொல்ல மாட்டார். எது கேட்டாலும் "பார்த்துக்கங்கப்பா." விளைவு என்ன? எமிஸ் (மாணவர் விவரங்களை ஏற்றும் அரசு இணையதளம்) பதிவு, உதவித்தொகை, சைக்கிள் வழங்கும் பட்டியல் எல்லாம் முடியாது என்று சொல்லத் தெரியாத இளம் ஆசிரியர்கள் தலையில். ஒருவர் லீவு போட்டால் அந்த வகுப்புக்கு யார் போவது என்று தினமும் சண்டை. சீனியர்கள் இரண்டு கட்சி. திட்டு வாங்காமலே களைத்துப் போனேன். கலந்தாய்வில் அங்கிருந்து வெளியே வந்தபோதுதான் மூச்சு வந்தது.

பி.எட்.டில் உளவியலாளர் கர்ட் லெவின் குழுவின் 1939 தலைமைப் பாணி ஆய்வை மனப்பாடம் செய்தோம், நினைவிருக்கிறதா? அதிகாரத் தலைமை, ஜனநாயகத் தலைமை, எதிலும் தலையிடாத விட்டேற்றித் தலைமை. அது பத்து வயதுப் பையன்களை வைத்துச் செய்த ஆய்வு (எங்கள் ஸ்டாஃப் ரூமுக்கு அப்படியே பொருந்தும்). ஆனால் எச்.எம். எந்த வகை என்பதை விட, மேலிருந்து வரும் அழுத்தத்தைத் தான் வாங்கிக்கொள்கிறாரா, அப்படியே நம் மேல் இறக்குகிறாரா என்றுதான் நான் பார்ப்பேன். உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்.

தளி பக்கம், இடைநிலை ஆசிரியை:
எங்கள் பக்கம் ராகி விளைந்துவிட்டால் யானைகள் ரோட்டுக்கு வந்துவிடும், அதுகள் போகும்வரை பஸ் நகராது. முன்பிருந்த எச்.எம். அரை நாள் சி.எல். (தற்செயல் விடுப்பு) போட்டுவிடுவார். அது கூடப் பரவாயில்லை சார். "யானை உங்களுக்கு மட்டும்தான் வருமா டீச்சர்?" என்று பிள்ளைகள் முன்னால் கேட்டாரே, அதைத்தான் மறக்க முடியவில்லை. இப்போதிருக்கும் மேடம், போன் செய்தால் "பத்திரமா வாங்க" என்று சொல்லிவிட்டு, நான் வரும்வரை என் வகுப்பில் போய் உட்கார்ந்துகொள்வார். அதற்காகவே மற்ற நாட்களில் முதல் பஸ்ஸுக்கே கிளம்பிவிடுகிறேன்.

அரூர் பக்கம், தொடக்கப்பள்ளித் தலைமை ஆசிரியர்:
எங்கள் கஷ்டத்தையும் கொஞ்சம் கேளுங்கள். ஈராசிரியர் பள்ளி எச்.எம். என்றால் பாதி வகுப்புகள் என் தலையில்தான். நடுவில் காலை உணவு, சத்துணவு, கட்டட வேலை. பத்து மணிக்கு வாட்ஸ்அப்பில் ஒரு படிவம் வரும், பதினொன்றுக்குள் அனுப்பச் சொல்லி. முன்பு வந்ததை வந்தபடியே டீச்சருக்குத் தள்ளிவிடுவேன். இப்போது சேர்த்து வைத்து, மதிய இடைவேளையில் இருவரும் உட்கார்ந்து நிரப்புகிறோம். தாமதத்துக்கு வட்டாரக் கல்வி அலுவலகத்தில் பேச்சு விழுகிறது, விழட்டும். டீச்சர் பாடத்தின் நடுவில் போனைப் பார்ப்பது நின்றுவிட்டது.

ஊத்தங்கரை பக்கம், தனியார் பள்ளி:
அரசுப் பள்ளி எச்.எம்.மால் உங்கள் சம்பளத்தைக் கூட்டவோ குறைக்கவோ முடியாது, அதுவே பெரிய பாதுகாப்பு. எங்கள் பிரின்சிபால் நல்லவர், பாராட்டத் தெரிந்தவர். ஆனால் இன்க்ரிமென்ட், லீவு, யாரை வைத்துக்கொள்வது என்று எல்லாமே தாளாளர் முடிவு. 1959-லேயே உளவியலாளர் ஹெர்ஸ்பெர்க், சம்பளமும் நிர்வாகமும் சரியில்லை என்றால் அதிருப்தி வரும் என்று எழுதினாராம், எங்கள் எம்.எட். நோட்ஸில் இருந்தது. பிரின்சிபால் தோளில் தட்டிக்கொடுக்கும்போது சந்தோஷமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் டி.ஆர்.பி. (அரசின் ஆசிரியர் தேர்வு வாரியம்) அறிவிப்பு வந்தால் எங்கள் பள்ளியில் முக்கால்வாசிப் பேர் விண்ணப்பம் போடுகிறோம். போன முறை படிவத்தைச் சரிபார்த்துக் கொடுத்ததே பிரின்சிபால்தான்.